பாதி மீன் குறித்து ஆட்சேபம் இல்லை

யானைகள் பறக்கும் நாடு ஒன்று இருந்தது. பறந்துகொண்டே சாணம் போடுவது யானைகளின் வழக்கம். அதனால் அந்நாட்டு மக்கள் வெயிலோ மழையோ, வெளியே கிளம்பினால் குடை பிடித்தே நடந்தார்கள்.

நாட்டின் பெயர் வியன்புரி. அங்கே மலைகள் தும்மும். ஆறுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. செத்துப்போனவர்களில் சிலர் ஓய்வூதியம் வராத கோபத்தில் தொடர்ந்து அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். இதில் எதையும் யாரும் அதிசயமாக நினைக்கவில்லை.

கொற்றி அங்கே யாளி ஓட்டுநர். சிங்க முகமும் துதிக்கையும் முரட்டு இறக்கையும் கொண்ட யாளி; முதுகில் வரிசையாக இருக்கைகள். தலைநகர் நிலையத்தில் கிளம்பி நாட்டின் எல்லை வரை பறந்து திரும்புவது அவள் தடம். எல்லைக்கு அப்பால் வெற்றுத்தாள் பாலை. யாரும் இன்னும் எதையும் எழுதாத வெள்ளை நிலம் அது. நிழல் கிடையாது, திசை கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒரே ஒரு முறை, மூடுபனியில் வழி தவறி, கொற்றி அந்தப் பாலையையும் தாண்டிப் பறந்துவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு நாடு இருந்தது. இரண்டு மூன்று நாள் மேகத்தில் மறைந்திருந்து எட்டிப் பார்த்தவள் பயந்துபோய் யாளியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். பார்த்ததை ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள்.

அந்த ஒருத்தி நெய்தலி. நிலையத்து வாசலில் டீக்கடை வைத்திருப்பவள். இடுப்புக்கு மேலே பெண். கீழே நல்ல கொழுத்த கெண்டை. பெரிய பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அதில் உட்கார்ந்தபடியே டீ ஆற்றுவாள். கொற்றி சொன்னதைக் கேட்டு வாலால் தண்ணீரை அடித்துச் சிரித்தாள்.

"கதை விடாதடி. அப்படியெல்லாம் ஒரு நாடு இருக்குமா?"

"சத்தியமா பார்த்தேன்."

"மேகத்துல தூங்கியிருப்பே, ஓட்டுநரம்மா. இந்தா, டீயைக் குடி."

"உன் வால் பளபளக்கறதுல எனக்குக் கண்ணே தெரியல. கிளாஸ் எங்க?"

டீக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான்கு கைகளிலும் நான்கு கிளாஸ் வைத்திருந்த ஒரு பூதம் வெட்கத்தில் சிவந்தே போனது. அடுத்த பௌர்ணமியன்று ஏரிக்கரையில் கல்யாணம் என்று இருவரும் முடிவு செய்திருந்தது ஊருக்கே தெரியும்.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது.

ஆளும் தரப்பிடம் சொல்லிக்கொள்ளச் சாதனை இல்லை. எதிர்த்தரப்பிடம் கேட்பதற்குக் கேள்வி இல்லை. ஆகவே இரண்டு தரப்பும் கூடிப் பேசி, நாட்டின் மானத்தைக் காப்பாற்றுவது என்று தீர்மானித்தன. முரசு அறைந்தார்கள்.

"மகாஜனங்களே! பக்கத்துக் கற்பனை நாடுகள் நம்மைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கின்றன! இனி வியன்புரியில் நம்பத்தகுந்தவை மட்டுமே வசிக்கலாம். நம்ப முடியாதவை பாலைக்கு நாடு கடத்தப்படும்!"

இதற்காகவே நம்பகத் துறை உருவானது. அமைச்சராக முத்தலையார் பொறுப்பேற்றார். பெயருக்கேற்ப மூன்று தலைகள். வலது தலை உரக்கப் பேசும். இடது தலை வன்மையாகக் கண்டித்துவிட்டுக் கையெழுத்துப் போடும். நடுத்தலை, யார் ஜெயிக்கிறார்கள் என்று இருபுறமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

கல்யாணத்துக்கு நம்பகச் சான்று கட்டாயம் என்றார்கள். கொற்றி அண்டாவைச் சக்கரப் பலகையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். துறையின் தலைமைக் குமாஸ்தா பஞ்சநதம், இறந்து பல தலைமுறை ஆனவர், மனுவை வாசித்தார்.

"மனுதாரர்கள், கொற்றி, யாளி ஓட்டுநர். நெய்தலி, டீக்கடை, பாதி மீன்."

"பாதி மீன் குறித்து யாருக்கேனும் ஆட்சேபம் உண்டா?" என்றது வலது தலை.

"இல்லை. மீன் இயற்கையானது" என்றது இடது தலை.

"அண்டாவில் வசிப்பது?"

"அது அவரவர் வசதி."

"இந்த இரு பெண்களும் ஒருவரையொருவர் மணம் புரிவது?"

மூன்று தலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"நம்பும்படியாக இல்லையே" என்றது நடுத்தலை.

கொற்றிக்குப் புரியவில்லை. "எதுங்க ஐயா நம்பும்படியா இல்ல? எனக்கு இவளைப் பிடிச்சிருக்கு. இவளுக்கு என்னைப் பிடிச்சிருக்கு. இதுல நம்பறதுக்கு என்ன கஷ்டம்?"

"அம்மா, கற்பனை உலகம் என்றால் அதற்கொரு கட்டுக்கோப்பு வேண்டும். இலக்கணம் வேண்டும். கண்டதையும் கொண்டுவந்து நுழைத்தால் உலகமே ஆட்டம் கண்டுவிடும்" என்று விளக்கினார் முத்தலையார். அப்போது ஜன்னலில் ஒரு யானை பறந்துவந்து எட்டிப் பார்த்தது. பஞ்சநதம் சுவருக்குள் புகுந்து அடுத்த அறைக்குப் போய், அமைச்சருடைய மூன்று மூக்குக்கண்ணாடிகளையும் எடுத்துவந்தார்.

பௌர்ணமிக்குள் தங்களை நம்பவைக்க வேண்டும். தவறினால் இருவரும் பாலைக்கு. இதுதான் உத்தரவு.

வெளியே வந்ததும் கொற்றி படியில் உட்கார்ந்துவிட்டாள். பாலையில் தண்ணீர் கிடையாது. ஒரு டீ ஆறும் நேரம்கூட நெய்தலி அங்கே தாங்க மாட்டாள்.

நெய்தலி அண்டாவிலிருந்து எட்டி அவள் கன்னத்தைத் துடைத்தாள்.

"ஏன்டி அழுவற? தண்ணி வேணுங்கறது எனக்கு. நீ எதுக்கு அதை வீணாக்கற?"

இருவரையும் நம்பத்தகாதவர்கள் என்று தள்ளியாயிற்று. ஆனால், எந்தச் சட்டப்படி என்று யாராவது கேட்டால்? அதனால் துறை அவசரமாக ஒரு சட்டம் செய்தது. தலபுராணத்தில் சொல்லப்படாதது எதுவும் நாட்டில் இருக்கக் கூடாது.

புராணத்தில் பறக்கும் யானை இருந்தது. குடை இல்லை.

மறுநாளே குடைகள் பறிமுதலாயின. மேலே யானைகள் வழக்கம்போலப் பறந்தன. கீழே மக்கள் நனைந்தார்கள். எதனால் என்று விவரிக்க வேண்டாம். புராணத்தில் டீயும் இல்லை என்பது அடுத்து தெரிந்தது. நெய்தலியின் அடுப்பை அணைத்தார்கள். நாடு முழுக்கத் தலைவலி. முத்தலையாருக்கு மூன்று.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்று இழுத்தார் பஞ்சநதம். "புராணத்தோட முதல் படலத்துலயே ரெண்டு பொம்பளைங்க வர்றாங்க. மலையைத் தூக்கி நிறுத்தினவங்க. ஒரே வீட்டுல வாழ்ந்து, ஒண்ணாவே செத்து, பின்னிக்கிட்ட ரெண்டு மரமா நிக்கறாங்க. அவங்க..."

"நெருங்கிய சிநேகிதிகள்" என்றது இடது தலை.

"வாடகையைப் பகிர்ந்துகொண்டிருப்பார்கள்" என்றது நடுத்தலை.

"அந்த மரங்களை வெட்டிவிடலாமா?" என்றது வலது தலை.

"அது நம்ம கட்சிச் சின்னம் ஐயா."

முதல் சட்டத்தைப் பற்றிய பேச்சு அத்தோடு நின்றது. இரண்டாவது சட்டம் வந்தது. சந்ததி உண்டாக்காத எதுவும் நம்பத்தகுந்ததல்ல.

நாட்டில் உப்பு சுமந்தவை கோவேறு கழுதைகள். அவற்றுக்குக் குட்டி பிறப்பதில்லை. எல்லாவற்றையும் எல்லையோரம் கட்டிப்போட்டார்கள். உப்பு மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. சட்டமன்றக் கட்டடம் இதுவரை ஒரு சின்னக் கட்டடத்தைக்கூட ஈன்றதில்லை என்று யாரோ சுட்டிக்காட்ட, அதற்குப் பேறுகால விடுப்பு கொடுத்துப் பூட்டினார்கள். அந்த நாட்களில் மக்களுக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான். பஞ்சநதத்துக்கும் ஓலை வந்தது.

"செத்தே போயாச்சு. இனிமே எங்கம்மா நான் போய் பொண்ணு பார்ப்பேன்?" என்று யாளியில் உட்கார்ந்து கொற்றியிடம் புலம்பினார். மூன்று தலைகளுக்கும் கல்யாணமாகாத முத்தலையாருக்கு மட்டும் உடனடித் திருத்தம் வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட தலை உள்ளோருக்கு இச்சட்டம் பொருந்தாது.

உப்பில்லாத கஞ்சியும் தலையில் காய்ந்த சாணமுமாக யாளியில் ஏறிய ஒருவர், கொற்றியைப் பார்த்ததும் வெடித்தார். "உங்க கல்யாணத்துக்கு நாங்க ஏம்மா உப்பில்லாம சாப்பிடணும்?"

கொற்றி கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின் இருக்கையிலிருந்து பூதம் எழுந்தது.

"யோவ், கல்யாணத்தாலயா உப்பு போச்சு? கல்யாணத்தைத் தடுக்கப் போய்த்தானே போச்சு? விட்டுட்டா பௌர்ணமியன்னிக்குப் பந்தியில உக்காந்து பாயசம் குடிக்கலாம்."

வண்டி முழுக்கப் பாயசத்தை நினைத்துச் சப்புக்கொட்டியது. முதலில் வெடித்தவரே மெதுவாகக் கேட்டார். "பாயசம் உண்டாம்மா?"

"உண்டுங்க. ரெண்டு வகை."

அன்றிலிருந்து பேச்சு மாறத் தொடங்கியது. துறைக்கு வியர்த்தது. மூன்றாவது சட்டம் வந்தது. பெரும்பான்மையோர் கண்ணால் கண்டது மட்டுமே நம்பத்தகுந்தது.

மைதானத்தில் மக்களைக் கூட்டினார்கள். "கொற்றியையும் நெய்தலியையும் சேர்ந்தாற்போலப் பார்த்தவர்கள் கை தூக்கவும்!"

மைதானமே கையானது. பூதம் நான்கையும் தூக்கியது.

முத்தலையார் அவசரமாகப் பேச்சை மாற்றப் பார்த்தார். "நல்லது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நம் மாமன்னரை நேரில் பார்த்தவர்கள்?"

ஒரு கையும் எழவில்லை. அரண்மனைச் சமையல்காரரின் கைகூட. வியன்புரியின் மன்னர் சுவரொட்டிகளில் மட்டுமே இருந்தார். முரசின் அதிர்வு அடங்குவதற்கு முன்பே மூன்றாவது சட்டம் வாபஸ் ஆனது.

பௌர்ணமியும் வந்துவிட்டது. பாலைப் பக்கம் போகும் ஒரே வண்டி கொற்றியுடையது என்பதால், அவளையும் நெய்தலியையும் நாடு கடத்தும் பொறுப்பு அவளிடமே ஒப்படைக்கப்பட்டிருந்தது. துறை வாசலில் யாளி படுத்திருந்தது. வழியனுப்ப ஊரே கூடியிருந்தது. உள்ளே, அண்டாத் தண்ணீரில் நெய்தலியின் வால் அசையாமல் கிடந்தது. கொற்றி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கும் வருத்தம்தான்" என்றது இடது தலை, பேனாவைத் திறந்தபடி.

"தேர்தல் நெருங்குகிறது" என்றது வலது தலை. "நம்ப முடியாத ஒன்றை நாடு கடத்தியே தீருவோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். வெறுங்கையோடு மக்களிடம் எப்படிப் போவது?"

கொற்றி நிமிர்ந்தாள்.

"அப்ப உங்களுக்கு வேணுங்கறது நாங்க இல்ல. நம்ப முடியாத ஏதோ ஒண்ணு. அவ்வளவுதானே?"

நடுத்தலை முன்னால் வந்தது. "சட்டப்படி அவ்வளவுதான்."

"எங்களைவிட நம்ப முடியாதது ஒண்ணு காட்டினா எங்களை விட்டுடுவீங்களா?"

"காட்டு, பார்க்கலாம்."

நெய்தலி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏய், அந்தக் கதையையா சொல்லப் போற? நானே நம்பலையேடி!"

"அதனாலதான் சொல்றேன்" என்றாள் கொற்றி. சொல்லத் தொடங்கினாள்.

"பாலைக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு இருக்குங்க ஐயா. அங்க எல்லாருக்கும் ஒரே ஒரு தலைதான்."

அமைச்சர் சிரித்தார். "ஒரே தலையா? அப்புறம் எப்படிக் கட்சி மாறுவார்கள்?"

"அதே தலையை வெச்சுக்கிட்டே மாறறாங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஜனங்க மாலை போடறாங்க."

இடது தலை பேனாவை மூடியது.

"விரல்ல மை வெச்சு ஒருத்தரைப் பெரியாளா ஆக்கறாங்க. மறுநாள் அவர் வாசல்லயே கைகட்டி நிக்கறாங்க. அவர் திறந்து வெக்கறதுக்கு முன்னாடியே பாலம் இடிஞ்சு விழுது. இடிஞ்ச பாலத்துக்கும் ரிப்பன் வெட்டறாங்க."

"பொய்!" என்றது வலது தலை.

"இன்னும் கேளுங்க. அவங்களுக்குக் கதைன்னா உசிரு. இருட்டுல கூட்டமா உக்காந்து பார்க்கறாங்க. ஒரே ஆள் நூறு பேரை அடிக்கறான், நம்பறாங்க. செத்தவன் எழுந்து வர்றான், விசில் அடிக்கறாங்க. பாம்பு பழிவாங்குது, ஈ பேசுது, எல்லாம் சரி. அதே கதையில ரெண்டு பொண்ணுங்க கையைக் கோத்துக்கிட்டு நடந்தா மட்டும், 'லாஜிக் இடிக்குதே'ன்னு கேக்கறாங்க."

பஞ்சநதம் மயங்கி விழுந்தார். பேய் மயங்கி விழுந்ததை அன்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

"நூறு பேரை அடிப்பதை நம்புவார்கள், கை கோப்பதை நம்ப மாட்டார்களா?" என்று வலது தலை வாய் பிளந்தது. "எந்த நாட்டிலாவது இப்படி இருப்பார்களா? ஒரு கட்டுக்கோப்பு வேண்டாமா? ஓர் இலக்கணம் வேண்டாமா?"

வாழ்க்கையிலேயே முதல் முறையாக மூன்று தலைகளும் ஒரே கருத்துக்கு வந்தன. தீர்ப்பு வாசலிலேயே முரசறைந்து அறிவிக்கப்பட்டது. பாலைக்கு அப்பால் இருப்பதாகச் சொல்லப்படும் நாடு முற்றிலும் நம்பத்தகாதது. ஆகவே அது இல்லை. ஏற்கெனவே எல்லைக்கு வெளியே இருப்பதால் நாடு கடத்தும் செலவும் மிச்சம். துறை தன் இலக்கை எட்டிவிட்டது. எட்டிவிட்டதால் மூடப்பட்டது.

குடைகள் திரும்பின. கோவேறு கழுதைகள் உப்போடு வந்தன. ஏரிக்கரையில், நிலா ஏறும் நேரத்தில், கெண்டை வாலில் மஞ்சள் பூசி, யாளியின் துதிக்கையில் மாலை சுற்றி, கல்யாணம் நடந்தது. தாலியை யார் யாருக்குக் கட்டுவது என்று இருவரும் சண்டை போட்டார்கள். கடைசியில் ஆளுக்கொன்று கட்டிக்கொண்டார்கள். பூதம் நான்கு கைகளாலும் மேளம் அடித்தது. முத்தலையார் மூன்று இலை போடச் சொல்லி உட்கார்ந்தார். மன்னருக்குப் போட்ட நாற்காலி காலியாக இருந்தது. அதற்கும் சந்தனம் வைத்தார்கள். பாயசம் இரண்டு வகையும் தீர்ந்துபோனது.

ஒரு மூடுபனிக் காலையில் கொற்றி அண்டாவை யாளியின் முன் இருக்கையில் கட்டி, நெய்தலியை ஏற்றிக்கொண்டு, பாலையைத் தாண்டிப் பறந்தாள். பனி விலகியது. நெய்தலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

"அடியே! நிஜமாவே இருக்குதுடி! அதோ, அந்த வீட்டுல பாரு. ஒரே தலை! உக்காந்து ஏதோ கதை படிக்கறாங்க."

"எங்க?"

"அதோ. யானை பறக்கறதையெல்லாம் படிச்சிட்டாங்க போல. இப்ப நம்ம பக்கத்துக்கு வந்திருக்காங்க."

"கத்தாதடி, மெதுவா" என்று கொற்றி யாளியைத் திருப்பினாள். "தாங்க இல்லைங்கற விஷயத்தை அவங்களுக்கு இன்னும் யாரும் சொல்லல."