ரெண்டுன்னா ரெண்டுதான்

வலியைக் குறைத்துச் சொன்னால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார் மாலக்கி. மேற்கு அயர்லாந்தில் பால்பண்ணை வைத்திருப்பவர். சாயங்காலம் ஐந்துக்குள் வீடு போய் அறுபது மாட்டையும் கறந்தாக வேண்டும். அதனால் காலை எட்டு மணிக்கு, கில்மோரன் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸ் ஜிஷா, "ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள வலி எவ்வளவு?" என்று கேட்டபோது, வயிற்றின் வலப்பக்கம் யாரோ கடப்பாரை போட்டு நெம்பிக்கொண்டிருந்தும், சிரித்தார்.

"ரெண்டு. அதுவும் நீங்க ஆசையாக் கேட்டதால."

இப்போது மணி மூன்று.

நாற்காலிகள் நிரம்பி, வராந்தா முழுக்க ஸ்ட்ரெச்சர்கள் கூட்ஸ் வண்டி மாதிரி நீண்டு கிடந்தன. ஒலிபெருக்கி "க்ர்ர்... கொர்ர்..." என்று யார் யார் பெயரையோ மென்று துப்பியது. மாலக்கியின் பெயர் மட்டும் அதன் வாயில் வரவே இல்லை. பகல் ஒன்றுக்கு வந்த கணுக்கால் சுளுக்குகூட நொண்டிக்கொண்டே உள்ளே போய்விட்டது.

"சுளுக்கு போகுது, ஃபிடெல்மா! சுளுக்கு! நான் என்ன இங்க ஜன்னல் துடைக்க வந்தவனா?"

"சுளுக்கு எட்டுன்னுச்சு. நீ ரெண்டுன்ன. போய் ஒன்பதுன்னு சொல்லித் தொலை," என்றாள் மனைவி, கம்பளிப் பின்னலிலிருந்து கண்ணெடுக்காமல்.

"சொன்னது சொன்னதுதான். எங்க வம்சத்துல எவனும் மூணைத் தாண்டினதில்ல."

"உங்கப்பா?"

"சாகும்போது ரெண்டரை."

ஃபிடெல்மா ஏற்கனவே மூன்று முறை கவுண்டருக்குப் போய்க் கெஞ்சிவிட்டாள். "அவர் வாயாலதான் வரணும் மேடம். நீங்க சொன்னா நான் எழுத முடியாது," என்று ஜிஷா கையை விரித்துவிட்டாள்.

மாலக்கி எழுந்தார். பாதிதான் எழ முடிந்தது. கேள்விக்குறி போல வளைந்து நின்றபடியே கத்தினார்.

"இது ஆஸ்பத்திரியா, ஆட்டுப்பட்டியா? ஏழு மணி நேரம்! மந்திரிக்கு வயித்த வலிச்சா இப்படி உக்கார வைப்பீங்களா? ஒரு டாக்டர், நூறு பேர்! நான் வீட்டுக்குப் போறேன்!"

வராந்தாவே கைதட்டியது. கை உடைந்தவர்கள் காலைத் தட்டினார்கள்.

"சரி, வா போலாம்," என்று ஃபிடெல்மா பையை எடுத்தாள்.

சந்தேகப்பட வேண்டிய இடம் அது. மாலக்கி படவில்லை.

கவுண்டரைத் தாண்டும்போது அவள் நர்ஸ் பக்கம் சாய்ந்து, ஊருக்கே கேட்கும் ரகசியக் குரலில் சொன்னாள்: "பாவம்மா, எங்க வீட்டுக்காரர் ஒரு வலி தாங்கமாட்டார். போன வருஷம் காளை முட்டி மூணு விலா எலும்பு உடஞ்சப்போ, ஆறுன்னு அழுதார்."

"ஆறா?" மாலக்கி துள்ளினார். "யாரு, நானா? அது அரை!"

ஜிஷாவின் பேனா நின்றது. "மூணு எலும்பு... அரையா?"

"அரை! அதுகூட ஜாஸ்தி!"

"அப்போ இன்னைக்கு?"

"ரெண்டு!" என்று கர்ஜித்தார். "எத்தனை தடவை சொல்றது? ரெண்டுன்னா ரெண்டுதான்!"

ஜிஷா மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். பன்னிரண்டு விலா எலும்பு! "ஸ்ட்ரெச்சர்!" என்று அலறினாள்.

பத்தாவது நிமிடம் டாக்டர் வயிற்றில் விரலை வைத்தார்; வைத்த வேகத்தில் எடுத்தார். "குடல்வால் வெடிக்கப் போகுது. இப்பவே ஆபரேஷன். வீட்டுக்குப் போயிருந்தா உயிர் தங்கியிருக்காது."

தள்ளிக்கொண்டு போகும்போதும் மாலக்கியின் கோபம் அடங்கவில்லை. "அப்போ மாட்டை யார் கறப்பா? யாரு?"

"உன் தம்பி. ஒரு வாரத்துக்கு," என்றாள் ஃபிடெல்மா, கூடவே நடந்தபடி. "காலையில நீ கார் சாவியைத் தேடும்போதே அவன்கிட்ட சொல்லிட்டேன். உன் பைஜாமாவும் இந்தப் பையிலதான் இருக்கு."