சும்மா பேருக்குத்தான்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், நான் பொறுக்கி அடுக்கும் முட்டைகள் என்னைவிட நலம். அங்கே நீங்களும், அண்ணியும், அண்ணியின் வாயும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

பணம் கேட்டு எழுதவில்லை, பயப்படாமல் படியுங்கள். போன மாதம் எங்கள் கோழிப் பண்ணைக்கு, கூலி சரியாகக் கொடுக்கிறார்களா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். ஒரு நாளைக்குக் கொடுப்பது முந்நூறு, கையெழுத்து வாங்குவது எழுநூறுக்கு. "யாரு கேட்டாலும் எழுநூறுன்னு சொல்லுங்க" என்று மேனேஜர் காலையிலேயே பாடம் எடுத்திருந்தார். மற்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். உங்கள் தங்கை சும்மா இருப்பாளா? "எழுநூறுங்கய்யா, போனசும் உண்டுங்க" என்று கணீரென்று சொல்லி வைத்தேன். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். உடைந்த முட்டை ஆறு கொடுத்தார், அதுவும் கூலியில் பிடிக்காமல்.

மகளை இலவச விடுதிப் பள்ளியில் சேர்க்கப் போனால், அதிகாரி எழுதிக்கிட்டுப் போன அந்த எழுநூறு எனக்கு முன்னால போய் அங்க உட்கார்ந்திருக்கு. கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "வசதியானவங்க நீங்களே வந்து நின்னா ஏழைங்க எங்கம்மா போவாங்க?"ன்னு கேட்டான். என் செருப்பைப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும், அவன் குனியல. பிள்ளை படிப்பு போச்சேன்னு மேனேஜர்கிட்ட ஓடினேன். உண்மைக் கூலியை ஒரு தாள்ல எழுதித் தாங்கன்னேன். "எழுதினா நான் ஜெயிலுக்குப் போகணும்மா. வேணும்னா உன்னை வேலையை விட்டு நிறுத்திட்டோம்னு எழுதித் தர்றேன். சும்மா பேருக்குத்தான், நீ பாட்டுக்கு வா"ன்னு முத்திரை குத்திக் கொடுத்தார். அதைப் பள்ளியில காட்டினேன், இடம் கிடைச்சிடுச்சு அண்ணா! பெட்டியைத் தூக்கிக்கிட்டு விடுதிக்குள்ளே போகும்போது மக, "அம்மா, இப்ப நாம ஏழைதானே? மறுபடி மாத்திட மாட்டாங்களே?"ன்னு கேட்டா. "மாட்டாங்கடி"ன்னு சிரிச்சேன். பஸ்ல வரும்போதுதான் அழுதேன்.

ஆகவே உங்கள் உதவி எதுவும் தேவையில்லை. போன வருஷம் நீங்கள் கொடுத்த ஐநூறை அண்ணி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது போதும். அவருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
இனி யாரிடமும் கை நீட்டாத தங்கை

பின்குறிப்பு: தபாலில் போடுமுன் வேலைக்குப் போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த அதிகாரி மறுபடி வருகிறாராம். என்னை உள்ளே விட்டால் மேனேஜர் கொடுத்த கடிதம் பொய்யாகிவிடுமாம். இந்தப் பண்ணையில் எழுதியது எழுதியபடி நடந்த ஒரே தாள் அதுதான் அண்ணா. உதவி வேண்டாம் என்று எழுதிய வரியை அடித்துவிட்டுப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் போர்வை கொண்டுபோக வேண்டும். அண்ணியிடம் சொல்லிவிட்டே அனுப்புங்கள். ஊரெல்லாம் சொல்லட்டும், பரவாயில்லை.