காற்றுக்குக் காவல் நிற்பவர்

வீட்டைக் காப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் இருக்கிறது. திருடனிடமிருந்து காப்பவர்களைச் சொல்லவில்லை. திருடன் வந்தால் இவர்கள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். இவர்களுடைய பகையெல்லாம் கண்ணுக்குத் தெரியாதவற்றோடுதான்: தூசி, கிருமி, புகை, அப்புறம் எதிர்வீட்டுக்காரருடைய தும்மல். உங்கள் மாடியிலேயே ஒருவர் இருப்பார். நான் தேடி அலைய வேண்டாமென்று என் அக்காவே ஒருவரைக் கட்டிக்கொண்டாள்.

அத்தான் வீட்டுக்குப் போய் நீங்கள் மணி அடித்தால் முதலில் கதவு திறக்காது, குரல்தான் வரும். "செருப்ப வெளியவே விட்டுட்டீங்களா?" விட்டாயிற்று என்று சத்தியம் செய்து, கதவிடுக்கு வழியாக நீளும் புட்டியிலிருந்து மருந்து வாங்கிக் கையில் தேய்த்து, வாசலில் சுருட்டி வைத்திருக்கும் ஈரத்துணியை மிதிக்காமல் தாண்டி, அப்பாடா என்று சோபாவில் உட்கார்ந்தால் அது சரசரவென்று கத்தும். கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் அதன் மேலேயே இருக்கிறது. டிவி ரிமோட்டும் அப்படித்தான். பாலிதீன் பைக்குள் ரப்பர் பேண்ட் போட்டுப் படுத்திருக்கும். சத்தத்தைக் குறைக்கலாம் என்று அழுத்தினால் சேனல் மாறும். கேட்டால், "கழட்டினா அழுக்காயிடும்ல" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

அவர்கள் வீட்டுக்குக் கீழே பஸ் நிறுத்தம். காலையில் எழுந்ததும் ஜன்னல் விளிம்பை ஒரு விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்து, "பாத்தியா, பஸ் புகை" என்று அக்காவிடம் காட்டுவார். ஒருநாள் ஜன்னலை மூடினார். மூடிய ஜன்னலின் இடுக்குகளில் டேப் ஒட்டினார். உள்ளே மாட்டிக்கொண்ட கொசுக்களை ஒழிக்கக் கொசுவர்த்தி கொளுத்தினார், கொசுவர்த்தி நாற்றம் போக வாசனை ஸ்பிரே அடித்தார், ஸ்பிரே படிந்து தரை பிசுபிசுத்ததால் ஒரு மூடி ஊற்றச் சொல்லியிருந்த தரை மருந்தை நாலு மூடி ஊற்றித் துடைத்தார், துடைத்த ஈரம் போக வழியில்லாமல் நின்றது. ஜன்னலைத் திறக்கலாமே என்கிறீர்களா? பஸ் புகை வருமே.

இப்படிக் காத்த வீட்டில்தான் அக்காவுக்கு இருமல் பிடித்தது. வறட்டு இருமல். படுத்தாலும் விடாது, பேச வாயெடுத்தாலும் விடாது. அக்கா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். குரல் போனால் வேலையும் போகும். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, "தூசி, புகை படாம பாத்துக்குங்க" என்று சொல்லியனுப்பினார். சொல்லியிருக்க வேண்டாம். அத்தான் அன்றைக்கே இன்னும் இரண்டு சுருள் டேப் வாங்கினார். கூடவே காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றும் வந்து, நீல விளக்கோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உர்ரென்று ஓடியது. அத்தான் அதை வேளைக்கு ஒரு தரம் துடைத்தார். இருமல் இரண்டு மடங்காயிற்று.

ஒருநாள் பஸ் நிறுத்தத்திலிருந்து அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"தம்பி, நான் புகைக்குள்ளதான்டா நிக்கிறேன். ஒரு இருமல் வரல. வீட்டுக்குப் போகத்தான் பயமா இருக்கு."

அன்று மாலையே போய், கையில் மருந்து தேய்த்துக்கொண்டு, ஈரத்துணியைத் தாண்டி, ஈரவாடை அடித்த படுக்கையறை பீரோவை நகர்த்தினேன். பின்சுவர் முழுக்கக் கறுகறுவென்று பூஞ்சை.

"வெளியேர்ந்துதான் வந்திருக்கும்" என்றார் அத்தான்.

"எது வழியா அத்தான்? நீங்கதான் எறும்புக்கே வழி விடலயே."

பிறகு மெஷினின் முதுகுப் பலகையைக் கழற்றினேன். உள்ளே வடிகட்டி பளிச்சென்று, ஒரு பொட்டுத் தூசி இல்லாமல், பிறந்த குழந்தை போல இருந்தது. அதன் மேல் பிளாஸ்டிக் உறை. முழு உறை.

"அத்தான், இதக் கழட்டவே இல்லயா?"

"கழட்டினா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

மிச்சத்தை அக்கா முடித்து வைத்தாள். "அழுக்காயிடும்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மனிதருக்கு அவள்மேல் உயிர். அதில் எனக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை. பாய்ந்து போய் டேப்பையெல்லாம் நகத்தால் பிய்த்து எறிந்து ஜன்னலைத் தள்ளித் திறந்தார். பஸ் சத்தம் வந்தது, கொஞ்சம் புகையும் வந்தது, அதற்குப் பின்னாலேயே நல்ல காற்றும் வந்தது. "எனக்குத் தெரியாம போச்சும்மா" என்று அவள் முதுகைத் தடவினார். கையைக் கழுவ வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தார்கள். கொசுவர்த்தி போய்க் கொசுவலை வந்தது. மெஷின் உறை கழன்று, வடிகட்டி முதல் முறையாக அழுக்குப்பட்டது. அக்கா மறுபடியும் பாட ஆரம்பித்தாள்.

அத்தான் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனத்துக்கு அந்த வழக்கம் இல்லை. இப்போது வீடு வீடாகப் போய், "ஜன்னலத் திறங்க சார், மூச்சு விடுங்க சார்" என்று மிரட்டுகிறார். கொட்டும் மழையிலும் அவர் வீட்டு ஜன்னல்கள் திறந்தேதான் இருக்கின்றன. செய்தித்தாள் சமையலறைக்குப் பறக்கிறது, பீரோ மேல் புறா ஒன்று குடும்பம் நடத்துகிறது, அக்கா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தோசை சுடுகிறாள். சோபாவின் உறையைக்கூடக் கழற்றிவிட்டார். ரிமோட் மட்டும் பைக்குள்ளேயே இருக்கிறது. "அது வேற" என்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நம் வீட்டில் இப்படி யாரும் இல்லை என்ற தைரியம்தானே? கைக்கெட்டும் தூரத்தில் உங்கள் வீட்டு ரிமோட் இருந்தால் கொஞ்சம் எடுங்கள், பார்ப்போம். சரசரவென்று ஏதோ கேட்டதே, என்ன அது?