ஒற்றைக் கதவுச் சீமாட்டி

உலக நாகரிகம் முழுவதையும் தாங்கி நிற்பது பிரான்சு ராஜாவின் வெர்சாய் அரண்மனையில் ஒரு கதவு. அதில் இடது பாதி என் பொறுப்பு. வலது பாதியை ஒனெசிம் அண்ணன் பார்த்துக்கொள்கிறார்.

இது எளிய வேலை என்று நினைப்பவர்களுக்கு நல்ல புத்தி வரட்டும். ராஜாவின் தம்பி மனைவிக்குப் பட்டம் வெறும் "மதாம்". பேரும் கிடையாது, ஊரும் கிடையாது; இங்கே பட்டம் குட்டையாக இருந்தால்தான் மதிப்பு. அவர் வந்தால் இரண்டு கதவும் திறக்கும். ராஜாவின் பங்காளி மனைவியோ "மதாம் லா துஷெஸ்". துஷெஸ் என்றால் சீமாட்டி; பட்டத்துக்கு வால் முளைத்துவிட்டது அல்லவா? அவருக்கு ஒரு கதவுதான். அப்போது நான் அசையாமல் நிற்பேன். இருபது வருடமாக அசையாமல் நின்றே நல்ல பெயர் வாங்கியவன் நான்.

அன்று காலை, ராணியைப் பார்க்க வந்த துஷெஸுக்கு முன்கூடத்திலேயே பிரசவ வலி கண்டது. கட்டில் இருப்பது உள்ளறையில். ஒனெசிம் அண்ணன் முறைப்படி வலது கதவைத் திறந்தார். துஷெஸ் நேராக நடந்தார். ஆறு முழ வளையப் பாவாடை சிக்கியது. பக்கவாட்டில் திரும்பினார், வயிறு சிக்கியது. பாவாடையைக் கழற்றலாமா? அரசவை உடை இல்லாமல் உள்ளே போவது மரபல்ல.

"டேய் படுபாவி, அந்தக் கதவையும் தொறடா!" என்று கத்தினாள் மருத்துவச்சி பெர்ரெட்.

"தொறந்தா இவங்க மதாம் ஆயிடுவாங்களே அக்கா," என்றேன் பணிவாக.

"தொறக்கலன்னா இங்கயே அம்மா ஆயிடுவாங்கடா!"

துஷெஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, பயமா இருக்கு. ரெண்டு புள்ளைய பறிகொடுத்தவ நான். தொறங்கய்யா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்குவதற்குத் தடை இல்லை. கை அசைவதற்குத்தான் தடை.

சடங்கு அதிகாரி வந்தார். ஏட்டைப் புரட்டினார். "முன்னுதாரணம் இல்லை" என்று அறிவித்துவிட்டு, உட்கார நாற்காலி கேட்டார்.

அந்த நேரம் பார்த்து மதாமின் நாய் ஃபிலு குடுகுடுவென்று ஓடி வந்தது. மதாமின் நாய் என்றால் மதாமின் பரிவாரம்; இரண்டு கதவு! கூடமே குனிந்து வணங்கியது. நான் சட்டென்று இடது கதவைத் திறந்தேன். பெர்ரெட் துஷெஸைப் பின்னாலிருந்து ஒரே தள்ளாகத் தள்ளினாள். கால் மணி நேரத்தில் ஆண் குழந்தை. அது வீறிட்டு அழுதது. நானும் அழுதேன்.

அதிகாரி ஏட்டில் பதிந்தார்: "இன்று மதாமின் நாய் இரு கதவு வழியே எழுந்தருளியது. மதாம் லா துஷெஸ் அதன் பரிவாரத்தில் வந்தார்."

துஷெஸ் இந்த அவமானத்தில் குமைந்துபோவார் என்று பெர்ரெட் பயந்தாள். பாவம், அவளுக்கு எங்கள் அரசவையைத் தெரியாது. மறு மாதமே வால் பட்டத்துச் சீமாட்டிகள் மனுவோடு வந்துவிட்டார்கள்.

"அவ மட்டும் என்ன ஒசத்தி? நாங்களும் நாய்க்குப் பின்னாலதான் வருவோம்!"

துஷெஸ் குழந்தையை அணைத்துக்கொண்டு சீறினார்: "இது எங்க வம்சத்து உரிமை. உயிரே போனாலும் விட்டுத் தர மாட்டேன்!"

ராஜா துஷெஸுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தார். பிள்ளைக்கு இப்போது ஒரு வயது. நடை பழக்குகிறார்கள், நாயை முன்னால் விட்டு.