நான் புல் வெட்டிய தீபாவளி

புல் வெட்டும் மெஷினை முதுகில் மாட்டிய எவரும் ஐந்து நிமிடத்துக்காவது தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்வார். நான் அரைநாள் முழுக்க நினைத்துக்கொண்டேன். பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து முத்திரை குத்துகிற உனக்கு இதெல்லாம் தேவையா என்று அன்று யாரும் கேட்கவில்லை. (கேட்டிருந்தாலும் மெஷின் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது.)

ஈப்போவில் எங்கள் வீட்டில் அம்மாவும் இளைய மகள் நானும்தான். கூடவே மண்டோர், கிராணி என்று இரண்டு நாய்கள். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் எல்லாம் வெளியேறியபின், காலி லயத்து வீடுகளில் எலும்பும் தோலுமாகக் கிடந்த இந்த இருவரையும் நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அம்மா போட்ட சோற்றில் இரண்டு பேரும் மளமளவென்று பெருத்துவிட்டார்கள். பெரியவன் எழுந்து நின்றால் முன்னங்கால்களை என் தோளில் போட்டு நேருக்கு நேர் பார்ப்பான். தினமும் வேலியோரம் ஒரு சுற்றுப் போய் வருகிற போகிற ஆட்களையெல்லாம் அதட்டுவான். தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்கும் மண்டோர் தோற்றார், அதனால் அந்தப் பெயர். சின்னவன் (சின்னவன் என்றால் கன்றுக்குட்டி அளவு) மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேலும் கீழும் பார்ப்பான். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியேதான்.

அந்த வருடம் கிள்ளானிலிருந்து அக்கா தீபாவளிக்கு வந்து இறங்கினாள். வாசலைப் பார்த்தாள். நாய்கள் தோண்டாத இடம் என்று மிஞ்சியிருந்தது அவள் நின்றுகொண்டிருந்த இடம் மட்டும்தான்.

"அம்மா, இது வீடா, ஈயம் தோண்டுற லம்பமா? தாப்பாவுல எங்க வீட்டுக்காரரோட கூட்டாளிக்கு டுரியான் தோட்டம் இருக்கு. காவலுக்கு நாய் கேட்டுக்கிட்டே இருக்காரு. தீபாவளி முடிஞ்சதும் ரெண்டையும் ஏத்தி விட்ருவோம் லா."

அம்மா அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மா மறுத்துப் பேசவில்லை என்றால் முக்கால்வாசி சம்மதம்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வாசல பழையபடி ஆக்கிக் காட்டுறேன். அப்புறம் பேசு" என்று சவால் விட்டேன்.

மறுநாள் தீபாவளிக்கு முதல் நாள். இறந்துபோன அப்பாவுக்குப் படையல் போடும் நாள். அம்மாவும் அக்காவும் விடியலிலேயே அடுப்படிக்குள் போய்விட்டார்கள். நான் பக்கத்து வீட்டு அண்ணனிடம் மெஷினை இரவல் வாங்கிக் கயிற்றை இழுத்து முடுக்கினேன். அது உறுமியதும், ஊரையே அதட்டுகிற மண்டோர் ஓடிவந்து என் கால்களுக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டான். கிராணி பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தான். தலை மட்டும் மறைந்தது, மற்றதெல்லாம் வெளியே. பாவமாக இருந்தது. வீட்டுக்குள் நாய் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாக இருவரையும் ஸ்டோர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

பிறகு வெட்டினேன் பாருங்கள் ஒரு வெட்டு! புல்லை வெட்டினேன். தண்ணீர்க் குழாயை வெட்டினேன். களை என்று நினைத்து, கறிக்குப் போட அம்மா ஆசை ஆசையாக வளர்த்த, எலுமிச்சை வாசமடிக்கும் செரைப் புல்லை அடியோடு வழித்தெடுத்தேன். மண்ணைத் தள்ளிப் பள்ளங்களையும் மூடினேன்.

"குளிச்சிட்டு வாடி, படையல் போட்டாச்சு!" என்று அக்கா கூப்பிட்டாள்.

அப்பா லாரி ஓட்டியவர். சாப்பாட்டுப் பிரியர். ஹாலில் அவர் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை நிறைய ஆட்டுக்கறி, வறுத்த கோழி, முறுக்கு, ஒரு டம்ளர் ஸ்டவுட் பீர், பக்கத்தில் புதுக் கைலி. சூடம் காட்டிக் கும்பிட்டோம். அவர் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றோம். அதுதான் எங்கள் வழக்கம். வெளியே வந்த அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"என் செரை எங்கடி?"

நான் மூலையில் குவித்திருந்த புல்லைக் காட்டினேன். "இதுக்கு நாயே பரவால்ல லா!" என்றாள் அக்கா. மூன்று பேரும் போட்ட சத்தத்தில் உள்ளே என்ன நடந்தாலும் கேட்டிருக்காது.

கொஞ்ச நேரத்தில் சமாதானமாகிக் கதவைத் திறந்தோம். இலை கழுவி வைத்த மாதிரி பளபளவென்று கிடந்தது. டம்ளர் சாய்ந்திருந்தது, ஒரு சொட்டு இல்லை.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வந்துட்டாருடி! உங்கப்பா வந்துட்டாரு! இத்தன வருசமா ஒரு பருக்க தொட்டதில்லையே!" பொலபொலவென்று கண்ணீர்.

அக்காவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து பார்த்தாள். "எலும்பக் கூடக் காணோமேம்மா. அப்பாவுக்குக் கடைசில பல்லே இல்லியே?"

"மேல போனதும் மொளச்சிருக்கும் லா! ஐயோ, கைலியக் கூட எடுத்துக்கிட்டாரு பாரு!"

நான் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஸ்டோர் கதவைச் சாத்தினேன் சரி, தாழ்ப்பாள் போட்டேனா? வாயைத் திறந்தால் நாய்கள் தாப்பாவுக்கு. திறக்காவிட்டால் அம்மா ஊர் முழுக்கப் போன் போட்டுவிடுவாள். 'அப்பா, காப்பாத்துங்க' என்று படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அடுப்படிப் பக்கமிருந்து மண்டோர் அசைந்து அசைந்து வந்தான். மூக்கெல்லாம் மசாலா. வாயில் கைலி. பின்னாலேயே கிராணி, கொஞ்சம் கோணலாக நடந்துவந்து, அம்மா மடியில் தலையை வைத்து, சாவகாசமாக ஓர் ஏப்பம் விட்டான்.

"பாத்தீங்களா! படையலயே தின்னுட்டுதுங்க!" அக்கா குதித்தாள். "தீபாவளியாவது ஒன்னாவது, இப்பவே ஏத்துங்க தாப்பாவுக்கு!"

அம்மாவின் தோள்கள் குலுங்கின. போச்சு, அழுகிறாள் என்று பதறிப்போனேன். பார்த்தால், சிரிக்கிறாள்! மூச்சு வாங்கச் சிரிக்கிறாள்.

"அந்த ஏப்பம்... அப்படியே உங்கப்பா ஏப்பம்டி!"

"வெளையாடாதீங்கம்மா."

"காக்காவுக்குச் சோறு வச்சு அப்பான்னு கும்புடுற இல்ல? நாயா வந்தா மட்டும் டுரியான் தோட்டத்துக்குக் காவலுக்கு அனுப்புவியா? உங்கப்பாவயா?"

அக்காவும் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா போன பிறகு அம்மா இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சட்டியில் மிச்சமிருந்ததைப் போட்டு மறுபடி ஒரு படையல் வைத்தோம். இந்த முறை தாழ்ப்பாளை அம்மாவே போட்டாள்.

தாப்பாவுக்கு அதற்கப்புறம் யாரும் போகவில்லை. இப்போது இரண்டு பேருக்கும் ஹாலிலேயே படுக்கை. அக்கா கிள்ளானிலிருந்து போன் போட்டால் முதல் கேள்வியே, "அப்பாங்க ரெண்டு பேரும் சாப்ட்டாச்சா?"

அம்மாவும் சிரிக்காமல் பதில் சொல்வாள்: "பெரியவரு சாப்ட்டுட்டுப் படுத்துட்டாரு. சின்னவரு உன் தங்கச்சி செருப்பக் கடிச்சிக்கிட்டு இருக்காரு, கொடுக்கட்டா, பேசுறியா?"