புலியிடம் சென்சார் கேட்ட சருகுமான்

ஒரு காட்டில் சருகுமான் ஒருத்திக்கு கேமரா வாங்கும் ஆசை வந்தது. பெயர் குழலி. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிய உடம்பு. அவள் குட்டியோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்கிறது. நாலு படமாவது எடுத்து வைக்க வேண்டாமா?

விவரம் கேட்க முள்ளம்பன்றி தணிகாசலத்திடம் போனாள். குரங்கு பரஞ்சோதியும் அங்கேதான் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"பழைய சிசிடி சென்சார் கேமராவா பார்த்து வாங்கும்மா," என்றார் தணிகாசலம். "அந்த நிறம் இப்போ எதுலயும் வராது. செம்பருத்தி செம்பருத்தியாவே இருக்கும்."

"செம்பருத்தி இருக்கும், பேட்டரி இருக்காது," என்றான் பரஞ்சோதி. "சீமாஸ் சென்சார் வாங்குக்கா. சட்டுனு எடுக்கும், இருட்டுலயும் எடுக்கும்."

"ஓடுற குட்டியை அதுல எடுத்தா படம் சாய்ஞ்சு போயிடுமேடா!"

"உங்க சிசிடி எடுத்து முடிக்கிறதுக்குள்ள அந்தக் குட்டிக்கே குட்டி பொறந்துடும்!"

தணிகாசலத்தின் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் புதரிலிருந்து ஒரு புலி பாய்ந்தது. பரஞ்சோதி மர உச்சிக்குப் போய்விட்டான். தணிகாசலம் வளைக்குள் புகுந்துகொண்டார். குழலி மட்டும் புலியின் பாதத்துக்கு அடியில் கிடந்தாள்.

பயத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. வாயில் இருந்ததே வந்தது.

"ஐயா, சிசிடி நல்லதா, சீமாஸ் நல்லதா?"

புலியின் திறந்த வாய் மூடிக்கொண்டது. "யாரை எடுக்கப் போறே?"

"என் குட்டியைங்க."

"ஓடுற குட்டியா, தூங்குற குட்டியா?"

"ஓடுறதுங்க."

"இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க," என்று புலி வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. "கேமராவுக்குள்ள வெளிச்சத்தை வாங்குறதுதான் சென்சார். அது பூராவும் பொடிப் பொடிப் புள்ளி. சிசிடியில ஒவ்வொரு புள்ளியும் தனக்குக் கிடைச்ச வெளிச்சத்தை, சித்தாளுங்க கலவைச் சட்டியைக் கைமாத்தி விடுற மாதிரி..."

கைமாற்றிக் காட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. புலி பாதத்தை எடுத்தது.

"...ஓரத்துக்குத் தள்ளிவிடும். அங்க ஒருத்தன் நின்னு அளப்பான். நிதானமான வேலை. சீமாஸ்ல அவனவன் சட்டியை அவனவனே அளந்துக்குவான். ஆனா வரிசை வரிசையா. மேல் வரிசை முடிஞ்சு கீழ் வரிசைக்கு வர்றதுக்குள்ள குட்டி நகர்ந்துடும். அதான் படம் சாயுது."

"அதெல்லாம் பழைய சீமாஸ்!" என்று உச்சிக் கிளையிலிருந்து பரஞ்சோதி கத்தினான். பொறுக்கமாட்டாமல் இறங்கியே வந்துவிட்டான்.

"நிறத்தைப் பத்திப் பேசுங்கய்யா!" என்று தணிகாசலமும் வளையிலிருந்து தலையை நீட்டினார்.

மூவரும் மூக்கோடு மூக்கு உரச நின்று கத்தினார்கள். குழலி நைசாக நழுவி வீட்டுக்கு ஓடி, குட்டியை அணைத்துக்கொண்டாள். கேமராவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை வீட்டு வாசலில் புதர் விலகியது. புலி! குழலி குட்டியை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு கண்ணை இறுக மூடினாள்.

"பயப்படாதேம்மா, சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்," என்று புலி வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. "நேத்து உனக்கு லென்ஸைப் பத்திச் சொல்லவே இல்லையே!"

உச்சி வெயில் ஏறியபோது புலி இன்னும் முன்னுரையில்தான் இருந்தது. குழலி மெல்ல வாயைத் திறந்தாள்.

"ஐயாவுக்குப் பசிக்கலையா?"

நீதி: உயிர் பிழைக்க வேண்டுமானால், எந்த கேமரா வாங்கலாம் என்று கேள். நிம்மதி வேண்டுமானால், கேட்காமல் செத்துப் போ.