பன்னிரண்டு ஜோடிக் காதுகள்

“இது காது மிஷின். மாட்டினா கேக்கும். கழட்டினா கேக்காது. நன்றி.”

ஸ்க்ரூ அக்கா கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு விநாடி ஆகியிருந்தது.

“அக்கா, அரை மணி நேரம் பேசணும்.”

“இதுல என்ன சார் விட்டுப்போச்சு?”

மேனேஜர் யோசித்துப் பார்த்தார். எதுவும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை. அதுதான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

பத்தொன்பது வருஷமாகக் காதுக் கருவிகளைப் பழுது பார்க்கிறவள் அவள். கையில் எப்போதும் குண்டூசி பருமனில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருப்பதால், கம்பெனியில் அவளுக்கு அந்தப் பெயர். கருவி போடுகிற கீச்சுச் சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடுவாள். ஆனால் நாலு பேர் முன்னால் பேசு என்றால் அவளுக்கே வாய் பழுதாகிவிடும். விற்பனைக்கென்று இருந்த வாயாடிப் பையன் போன வாரம்தான் வேறு கம்பெனிக்குத் தாவியிருந்தான். வெள்ளிக்கிழமை முதியோர் குடியிருப்பில் பிரசன்டேஷன். பன்னிரண்டு பேர் கொண்ட கமிட்டி. அவர்கள் தலையாட்டினால் நூற்றுப் பத்து பேருக்குக் கருவி.

“ஆட்டலேன்னா?” என்றாள்.

“பழுது பாக்குற பிரிவைத் தலைமை ஆபீசுக்குத் தூக்கிடுவாங்க. உங்க மேஜையும் போகும். மேஜைக்குப் பின்னாடியே நீங்களும் போகணும்.”

தலைமை ஆபீஸ், ரயிலில் ஐந்து மணி நேரம்.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது அவள் கணவன் கொஞ்சமும் அசரவில்லை. அவன் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். எருமைமாடு வந்தால்கூட ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துவிடுவேன் என்பவன்.

“பேசுறதும் வண்டி ஓட்டுறதும் ஒண்ணுதாம்மா. மொதல்ல கண்ணாடி பாக்கணும். அப்புறம் சிக்னல். அப்புறம்தான் வண்டி நகரணும்.”

“பேச்சுல ஏதுங்க சிக்னல்?”

“என்ன சொல்லப் போறோம்கிறதை முன்னாடியே சொல்லிடணும். திடீர்னு திரும்பினா பின்னாடி வர்றவன் மோதிடுவான்ல?”

அவள் எழுந்து நின்றாள். “இப்போது நான் பேட்டரியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பேட்டரி சிறியது. பேட்டரியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்து இடதுபக்கம் திரும்பி, ஒயரைப் பற்றி...”

“இடதுபக்கம் வேணாம்!” என்று அவன் மேஜைக்கு அடியில் காலை ஓங்கி மிதித்தான். மாணவர்கள் தப்புச் செய்தால் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பழக்கம். அவள் திக்கும்போதெல்லாம் மிதித்தான். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்போது பேச்சு பதினோரு விநாடியிலிருந்து நாலு நிமிஷத்துக்கு வளர்ந்திருந்தது.

“நாலு நிமிஷம் பத்தாதே” என்றாள் அக்கா.

கல்லூரியில் படிக்கும் மகள் போனிலிருந்து தலையை எடுத்தாள். “ஸ்லைடு போடும்மா. படம் காட்டாம சொன்னா இப்ப யாரும் எதையும் நம்புறதில்ல.”

இரண்டு நாளில் ஐம்பத்தெட்டு ஸ்லைடுகளைச் செய்து தள்ளிவிட்டாள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகப் பறந்து வந்து, ஒரு குட்டிக்கரணம் அடித்துத்தான் உட்காரும். காதின் உள்பக்கத்தைச் சுவர் அகலத்துக்குக் காட்டும் படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் அப்பா சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

“இது எதுக்குடி?”

“பயம் வரணும்ல, அப்பத்தானே வாங்குவாங்க!”

பேச்சு இருபது நிமிஷம் ஆனது. அதில் ஏழு நிமிஷம் எழுத்து பறக்கிற நேரம்.

புதன்கிழமை மேனேஜர் ஒத்திகை பார்த்தார்.

“அக்கா, நீங்க ஸ்க்ரீன்கிட்டயே பேசிக்கிட்டிருக்கீங்க. அதா மிஷின் வாங்கப்போகுது? எதிர்ல இருக்கறவங்க கண்ணைப் பாத்துப் பேசுங்க.”

அவள் பார்த்தாள். சல்லிக்காசு அளவு கருவிக்குள் முடி அகலத்துக் கம்பியைத் தேடுகிற கண் அது. இமைக்காமல் பார்த்தது. மேனேஜர் தன் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டார்.

“கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கலாமா?”

சிரித்துக்கொண்டே இமைக்காமல் பார்த்தாள்.

“ஐயோ, வேணாம்க்கா. நான் என்னமோ திருடி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு.” பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, “சரி, சிரிங்க, ஆனா எல்லாருக்கும் பிரிச்சுக் குடுங்க” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் புறப்படும்போது, கணவன் வாசலில் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“கடைசியா ஒண்ணு. கேக்குறவங்க கையைப் பாரு. கை பொய் சொல்லாது. வாய்கிட்ட போனா கொட்டாவி, வேகத்தைக் கூட்டு. காதுகிட்ட போனா கேக்கலேன்னு அர்த்தம், சத்தத்தைக் கூட்டு.”

“உங்ககிட்ட படிக்கிறவங்க காதைத் தொடுவாங்களா?”

“நான் கத்துற கத்துக்குப் பொத்திக்குவாங்க. அது வேற விஷயம்.” பையைக் கொடுக்காமல் சற்று நின்றான். “நடக்கலேன்னாலும் பரவால்லம்மா. அஞ்சு மணி நேரந்தானே, வாரா வாரம் நான் வந்துடுவேன்.”

“என்னத்தைப் போட்டுக்கிட்டு வருவீங்க? உங்க சட்டை எந்த அலமாரில இருக்குன்னாவது தெரியுமா?”

“தெரியாது. அதான், ஜெயிச்சுட்டே வந்துடு.”

குடியிருப்பின் கூடத்தில் பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவரம்மா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. முதல் வரிசை ஓரத்தில் பெரிய மீசை வைத்த தாத்தா ஒருவர்.

முதலில் அக்கா ஒவ்வொருவர் காதிலும் தன் கையால் கருவியை மாட்டிவிட்டாள். அந்தப் பத்து நிமிஷமும் அவளுக்குச் சொர்க்கம். எந்தக் காது குறுகல், எது வலிக்கும், எல்லாம் விரலுக்கே தெரிந்தது. கருவியின் பின்பக்கப் பொத்தான்களைத் தொட்டுக் காட்டினாள்.

“இந்த ஃபேன் இத்தனை நாளா இப்படியா கத்திக்கிட்டிருந்துச்சு?” என்று மேலே பார்த்தார் மீசைத் தாத்தா.

எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு கூட்டத்தை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேனேஜர் விளக்கை அணைத்துத் திரையைப் போட்டார்.

“இப்போது நான் காதைப் பற்றிச் சொல்லப் போகிறேன்” என்று சிக்னல் போட்டாள் அக்கா. இமைக்காமல் பார்த்தாள். சிரிப்பைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கொடுத்தாள். எழுத்துகள் குட்டிக்கரணம் அடித்தன.

மூன்றாவது ஸ்லைடில் மீசைத் தாத்தாவின் கை மெல்லக் காதுக்குப் பின்னால் போனது.

கேட்கவில்லை! அக்கா சத்தத்தைக் கூட்டினாள்.

ஐந்தாவது ஸ்லைடில் பக்கத்துப் பாட்டியின் கை போனது. இன்னும் கூட்டினாள். ஒன்பதாவதில் ஒரே நேரத்தில் மூன்று கைகள். தான் மாட்டிய கருவியா கேட்கவில்லை? பத்தொன்பது வருஷத்தில் ஒரு கருவிகூட அவள் மாட்டி ஊமையானதில்லை.

“பேட்டரியைப் பற்றிச் சொல்லிவிட்டேன்!” என்று கத்தினாள். ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா கிளம்பிப் போனது. “ஒயருக்குத் திரும்புகிறேன்!” என்று அலறினாள். தாழ்வாரத்தில் போன நர்ஸ் ஓடிவந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தாள்.

முப்பதாவது ஸ்லைடுக்குள் பதினோரு பேரும் காதைத் தொட்டாகிவிட்டது. தலைவரம்மா மட்டும் பதவிக்குரிய கௌரவத்தோடு கைகளை மடியில் கோத்திருந்தார். காதின் உள்பக்கப் படம் சுவர் அகலத்துக்கு வந்தபோது அந்தக் கோத்த கையும் பிரிந்து மேலே போனது.

இருந்தும் யார் முகத்திலும் சுளிப்பு இல்லை. ஒருவர் இருமவில்லை, ஒருவர் எழுந்து போகவில்லை. அத்தனை பேரும் மெல்லிய புன்னகையோடு, தியானத்தில் உட்கார்ந்த மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பத்தெட்டாவது ஸ்லைடில் ‘நன்றி’ ஒவ்வோர் எழுத்தாகப் பறந்து வந்து உட்கார்ந்தது. அக்காவின் தொண்டை அதற்கு முன்பே செத்திருந்தது. திரையைப் படித்ததும் தலைவரம்மா கை தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

தலைவரம்மா காதைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “பதினாலு வருஷமா இங்க கூட்டம் நடத்துறேன். பாதியில சண்டை வராம ஒரு கூட்டம் முடிஞ்சதில்ல. இன்னிக்குத்தான் ஒருத்தரும் அசையாம உக்காந்திருந்தாங்க! நூத்திப் பத்து பேருக்கும் இதையே வாங்கிடலாம். என்ன சொல்றீங்க?” என்று கையைத் தூக்கினார். கையைப் பார்த்ததும் பதினோரு கைகள் தூக்கிக்கொண்டன.

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. மேஜை பிழைத்தது. வீடு பிழைத்தது. சட்டை தேடத் தெரியாத ஒரு மனுஷனும் பிழைத்தான்.

மேனேஜர் ஓடிவந்தார். “அக்கா! இந்தத் திறமையை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமா ஸ்க்ரூ முறுக்கிக்கிட்டிருந்தீங்க? இனிமே உங்களுக்கு மேஜையே கிடையாது. திங்கட்கிழமைலேருந்து ஊர் ஊரா நீங்கதான் பேசுறீங்க. மாசத்துல இருபத்தஞ்சு நாள் டூர்!”

“சார், மேஜைக்காகத்தானே...” என்று தொடங்கினாள். வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது.

“புரியுதுக்கா, சந்தோஷத்துல பேச்சு வரல” என்று மேனேஜர் போனை எடுத்துத் தலைமை ஆபீஸ் எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

அப்போது மீசைத் தாத்தா பக்கத்துப் பாட்டியின் பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கூடமே அதிரும்படி சொன்னார்:

“இந்தம்மா வாயைத் திறந்ததுமே நான் மிஷினை அணைச்சுட்டேன், என் பழைய மிஷின் மாதிரி, கை வெச்சதும் கீச்சுனு கத்திக் காட்டிக்குடுக்கவே இல்ல! இனிமே மாசாமாசம் தலைவரம்மா பேசுறப்ப நமக்கு நிம்மதிதான்!”